பளிச்சக்கா கழுவிய ஓட்டாஞ்சில்லுகள்

பளிச்சக்கா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். என் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவளுடைய நாத்தனார், கட்டில் காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிள்ளையைப் படுக்க வைக்க விட்டாளாம். அந்த நாத்தனார்தான் பளிச்சக்கா. என்னைவிட இருபது வயது சின்னவள். ஊரே கூப்பிடுகிறதே என்று நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அவள் புருஷன் ஆணிக்கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் துறைமுகத் தெருவின் கடைசியில் இருந்த காலி மனையைத் தொல்லியல் துறையினர் தோண்ட ஆரம்பித்தார்கள். இந்த ஊருக்கு முதன்முதல் கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் வீடும் கடையுமாக இருந்த இடம் அது. மண் சலிக்க ஆள் கேட்டார்கள். பளிச்சக்கா போனாள். ஒரே வாரத்தில் முகத்தில் களை வந்துவிட்டது.

மனையைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். சலித்ததில் கிடைக்கும் சில்லுகளை, அந்தக் கட்டத்தின் நம்பர்ச் சீட்டோடு தட்டில் வைக்க வேண்டும். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன சமயம், பதினோரு தட்டுச் சில்லுகளையும் இவள் கொட்டிக் கழுவினாள். நீலப்பூத் தட்டு ஒரு குவியல், பழுப்பு ஜாடி ஒரு குவியல், பாட்டில் கண்ணாடி ஒரு குவியல். சீட்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு வேறு போட்டு வைத்தாள்.

தோண்டும் வேலையை நடத்தும் அதிகாரியம்மா வந்து பார்த்தார்.

“எல்லாம் ஒரே சேறு மேடம். இனம் இனமா பிரிச்சிட்டேன்.”

“எது எங்க கெடச்சதுன்னு தெரிஞ்சாதானேக்கா, வீடு எது, கடை எதுன்னு சொல்ல முடியும்? இப்ப இது வெறும் ஓட்டாஞ்சில்லு.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றாள் என்னிடம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். மறுபடி வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார மனசு வரவில்லையாம்.

மறுநாள் காலையில், வீட்டு மாவுச் சல்லடையோடு போய் நின்றாள். சலித்த மண் அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தனித்தனியாகக் குவிந்து கிடந்தது. கடப்பாரை பட்டுத் தெறித்து, பெரிய சல்லடையில் தப்பி விழுந்த நகக்கண் அளவுத் துணுக்குகள் அதற்குள் இருக்கும் என்று இவளுக்குப் பட்டது. கூலி வேண்டாம் என்று உட்கார்ந்து, துணுக்கு துணுக்காகப் பொறுக்கி, எது எந்தச் சில்லின் வாயில் ஒட்டுகிறது என்று பொருத்திப் பார்த்தாள். பதினெட்டு நாள். பாதிக்குமேல் இடம் தெரிந்துவிட்டது. மீதி ஒன்றோடும் சேரவில்லை.

நீலத் தட்டெல்லாம் மேற்குப் பக்கம், அது வீடு. ஜாடியெல்லாம் கிழக்கு, அது கடை. ஒரே ஒரு நீலத் தட்டு மட்டும் கடை மூலையில் கிடைத்த துணுக்கோடு பொருந்தியது. இவள் தப்பாக ஒட்டிவிட்டாள் என்றே அதிகாரியம்மா நினைத்திருக்கிறார்.

“இல்ல மேடம். அந்த வெள்ளக்காரரு சாப்பிடக்கூட எழுந்து போகாத ஆளு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கடைக்குப் பின்னாடியே வீடு, ஆனா நான்தான் தட்டைத் தூக்கிட்டுப் போவணும். ஆணி மூட்டைய மேல வச்சு நாலு தட்ட ஒடச்சிருக்காரு.”

அதிகாரியம்மா துணுக்கை எடுத்துத் தானே பொருத்திப் பார்த்தார். இம்மி பிசகவில்லை.

“நாளைக்கு வாங்கக்கா. ஆனா தண்ணியத் தொடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றார்.

இப்போது பளிச்சக்கா அந்த மனையில், கிழக்கு ஓரத்துத் தகரக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மண் சலித்துக்கொண்டிருக்கிறாள்.