திமிங்கிலத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

அந்தத் தெருவில் வரிசையாக அருங்காட்சியகங்கள்தான். எலும்புக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, செடிகொடிக்கு ஒன்று. எலும்புக் கட்டடத்தின் திமிங்கிலக் கூடத்துக்குக் காவல் இருப்பவளை எல்லோரும் திமிங்கிலத்தக்கா என்றே கூப்பிடுவார்கள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பெண்களை இந்த வேலையை வைத்துத்தான் ஆளாக்கி வருகிறாள். வாய் கொஞ்சம் நீளம். அதுவும் இல்லாவிட்டால் அவளை என்றைக்கோ மென்று விழுங்கியிருப்பார்கள்.

புதிதாக வந்த மேலதிகாரி முதல் வேலையாக, எல்லாக் கட்டடங்களிலும் காவலாட்களின் நாற்காலிகளைத் தூக்கச் சொன்னார். வேலையாட்கள் உட்கார்ந்திருந்தால் பார்க்க வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவாம். நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு வந்த ஞானோதயம்!

எதிர்க் கட்டடத்தில் கற்களுக்குக் காவல் நிற்பவள் அவளுடைய நாத்தனார். அண்ணன் ஓடினாலும் தங்கை அண்ணியை விட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலம் வீங்கின காலைத் தேய்த்துக்கொண்டே கெஞ்சினாள்.

"அண்ணி, நீங்க பாட்டுக்கு ஏதாவது பேசி வைக்காதீங்க. வேலை போயிடும்."

"நான் எதுக்குப் பேசறேன்? உட்காரத்தான் போறேன்."

மறுநாள் முழங்கால் விண்விண்ணென்று தெறித்ததும், திமிங்கிலத்தின் விலா எலும்புகளுக்கு அடியில் காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளிகளோடு வந்த அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"என்னம்மா இது? எழுந்திரும்மா!"

வேலை போனாலும் போகலாம். சின்னவள் படிப்பு இன்னும் முடியவில்லை. ஆனாலும் திமிங்கிலத்தக்கா எழவில்லை.

"சார், இந்தத் திமிங்கிலம் செத்து எத்தனையோ வருஷமாச்சு. அதுக்கே அலுங்காம இருக்க இரும்புத் தூண் முட்டுக் கொடுத்திருக்கீங்க. இந்தக் கூடத்துல உயிரோட நிக்கறவ நான் ஒருத்திதான். எனக்கு ஒரு நாற்காலி ஆகாதா?"

விருந்தாளிகளில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நாளைக்கே விளக்கம் எழுதிக் கொடு!" என்று உறுமிவிட்டு அதிகாரி நகர்ந்தார்.

"சரி சார். உட்கார்ந்தே எழுதறேன்."

சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. நாத்தனார்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாள், ஆனால் அதில் சிரிப்பும் இருந்தது.

"அண்ணி, நானும் உட்கார்ந்துட்டேன். இங்க தரை ஜில்லுன்னு இருக்கு. பூச்சிக் கட்டடத்துலயும் உட்கார்ந்துட்டாங்களாம்!"

ஒரு வாரம் தெரு முழுவதும் தரையில் உட்கார்ந்து காவல் காத்தது. பிறகு நாற்காலிகள் சத்தமில்லாமல் திரும்பி வந்தன. திமிங்கிலத்தக்கா தன்னுடையதைத் துடைத்துப் போட்டாளே தவிர, முழங்கால் கெஞ்சியும் உட்காரவில்லை. அதிகாரி கூடத்துக்குள் நுழையும்வரை நின்றாள். பிறகு, அவர் கண்ணெதிரே, ஆற அமர உட்கார்ந்தாள்.