எண்ணாமல் தந்த மிட்டாய்

பிள்ளைகளே, மொன்றியலில் நான் முதன்முதலாக வாக்களிக்கப் போன அன்று வரிசை தெருவரை நீண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிறதென்று திரும்பினேன். பின்னால் நின்ற தமிழர் ஒருவர், துறைமுக லொறிச் சாரதி, அகன்ற தோளால் மறித்தார்.

“எங்கை போறீர்? அமெரிக்காவிலை முந்தி வோட்டுப் பதிய வந்த கறுப்புச் சனத்திட்டை மிட்டாய்ச் சாடியைக் காட்டி, உள்ளுக்கை எத்தினை மிட்டாய் எண்டு கேட்டவங்கள். பிழையாச் சொன்னால் வோட்டு இல்லை. இப்ப அங்கை சில இடங்களிலை வோட்டுச் சாவடியைக் குறைச்சு வரிசையை நீட்டுறாங்கள். சனம் தானாப் போயிடும்.”

“இது கனடா, அண்ணை.”

“ஓம், இங்கை ஒருத்தரும் துரத்தேல்லை. நீராத்தானே ஓடுறீர்!”

எனக்குச் சுட்டது. நின்றுவிட்டேன்.

அவர் வாக்களிக்க வரும்போதெல்லாம் சட்டைப்பை நிறைய மிட்டாய் கொண்டுவருவாராம். ஒரு பிடி அள்ளித் தந்தார்.

“எண்ணாமல் தின்னும்.”

வாக்களித்துவிட்டு வேலைக்குப் பிந்திப் போனதற்கு முதலாளி முறைத்தார். நான் தலைகுனியவில்லை, வாயில் அந்த மிட்டாய் இன்னும் இனித்தது. சாரதியின் பெயரைத்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.