மறக்கப்போகிற நேரத்தில்

ஐஸ் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவர், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். சில நாள், இழுத்துப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் போவார். அப்படி ஒருநாள் வேலைக்குத் தாமதமாக வந்தபோது, பொய் சொல்ல வராமல் உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பெயர்.

மற்றவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் சிரிப்பு வராது. அவருடைய அப்பா கடைசி வருஷங்களில் ஒவ்வொன்றாக மறந்தார். முதலில் கண்ணாடி வைத்த இடம், பிறகு வீடு இருக்கும் தெரு, பிறகு பிள்ளை. "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பையன்?" என்று பெற்ற மகனிடம் மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைத்தான் மகனால் தாங்க முடியவில்லை. அன்று முதல் ஒரு சொல் நாக்கு நுனியில் சிக்கினாலும் போதும், நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்துவிடுவார்.

உண்மையில் அந்தப் பயம் அப்பாவுக்கும் முந்தியது. பள்ளிக்கூடத்தில் எழுந்து ஒப்பிக்கச் சொன்னால் தலைக்குள் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று வந்து நிற்கும். அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. வாத்தியார் பிரம்பை எடுப்பதற்குள் இவருக்குக் கண்ணீர் வந்துவிடும். படிப்பை விட்டதும், ஞாபகத்துக்கு வேலை வைக்காத வேலைகளாகப் பார்த்துச் செய்தார். மூட்டை தூக்கினார். தள்ளுவண்டி இழுத்தார். பிறகு ஐஸ் தொழிற்சாலையில், அச்சிலிருந்து பனிக்கட்டியைக் கழற்றிச் சறுக்குப் பலகையில் தள்ளிவிடும் வேலை கிடைத்தது. கட்டி கண் முன்னால் இருக்கிறது, தள்ள வேண்டும், அதில் மறக்க என்ன இருக்கிறது? நிம்மதியாகத் தள்ளிக்கொண்டிருந்தார், தலை நரைக்கும்வரை.

இயந்திர அறையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போனதும் மேலாளர் இவரைக் கூப்பிட்டார்.

"பூட்டினதையே மறுபடி இழுத்துப் பாக்குறவன் நீ ஒருத்தன்தான்யா. எனக்கு அங்க அப்படி ஒரு ஆள்தான் வேணும்."

இயந்திர அறை நீளமானது, ஜன்னல் குறைவு. நடுவில் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர், பக்கத்தில் குளிரூட்டும் அம்மோனியா திரவம் நிற்கும் பெரிய டேங்க், தலைக்கு மேலே உறைபனி படிந்த குழாய்கள். கதவுக்கு அருகே சுவரில் ஒரு பலகை. வாயு கசிந்தால் செய்ய வேண்டிய ஏழு வேலைகள் அதில் எழுதப்பட்டிருந்தன. அங்கே வேலை பார்ப்பவர்கள் அதைச் சுருக்கி ஒரே மூச்சில் சொல்வார்கள்: மாஸ்க், மோட்டார், டேங்க், சக்ஷன், டெலிவரி, ஃபேன், தண்ணி. சக்ஷன் என்றால் வாயு கம்ப்ரசருக்குள் வரும் குழாயின் வால்வு. டெலிவரி என்றால் அழுத்தம் ஏறிய வாயு வெளியேறும் குழாயின் வால்வு.

"பலகை இருக்குன்னு நம்பிடாதே," என்றார் மேலாளர். "வாயு வந்தா கண்ணையே திறக்க முடியாது, அப்புறம் எங்க பலகையைப் படிக்கிறது? எல்லாம் மனசுல இருக்கணும். அதுவும் வரிசையா. மோட்டார் ஓடும்போதே டெலிவரியை மூடிட்டேன்னு வை, அழுத்தம் போக வழியில்லாம வெடிச்சிடும். அப்புறம் உன்னைப் பொறுக்கித்தான் எடுக்கணும்."

அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, வந்து கேலி செய்தான்.

"ஏழு வார்த்தை மாமா. இதுக்கா இந்த முகம்? எங்க அக்கா உங்களைத் திட்டுறதே இதைவிட நீளமா இருக்கும்."

"திட்டுறதை நான் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லையே மாப்ளே. நாளைக்கும் புதுசா வரும்."

மறுநாளிலிருந்து தனக்குத் தெரிந்த வழியில் படிக்க ஆரம்பித்தார். வேலைக்கு வந்ததும் பலகை முன்னால் நிற்பார், வாசிப்பார், முணுமுணுப்பார். இடையில் வந்து மறுபடி வாசிப்பார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது போலவேதான். ஒரே வாரத்தில் ஏழும் கடகடவென்று வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டோம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் ஒரு மருந்துக் கடையில் விற்பனையாளர். துணி மடித்துக்கொண்டே, "எங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

"மாஸ்க், மோட்டார்..."

சுவர் வந்து நின்றது. அதே வெள்ளைச் சுவர்.

"காலையிலகூட தண்ணி மாதிரி வந்துச்சே!"

"பலகை எதிர்ல நின்னுதானே?"

"நின்னேன். ஆனா பாக்கலை. ஓரக்கண்ணால லேசா..."

"ஓரக்கண்ணும் கண்ணுதாங்க."

அவர் அழுதுவிடுவார் போலிருந்ததைப் பார்த்து, மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"கடைக்குப் போன புதுசுல எனக்கும் இதே கதைதான். தினம் கேக்குற மாத்திரை, கை தானா போயிடும். எப்பவாவது ஒருத்தர் கேக்குறதுதான் சிக்கும். முதலாளிகிட்ட கேட்டா எந்தத் தட்டுன்னு உடனே சொல்லிடுவார், நானும் அடுத்த வாட்டி மறந்திருப்பேன். ஒருநாள் அவர் இல்ல. நானே நின்னு, திணறி, யோசிச்சு எடுத்தேன். அது மட்டும் அப்படியே நின்னுடுச்சு. நல்லா ஞாபகம் இருக்கும்போது நூறு தடவை சொன்னா வாய்தாங்க வலிக்கும். மறக்கப்போற நேரத்துல புடிச்சு இழுக்கணும்."

"மறக்கப்போற நேரம்னு எப்படித் தெரியும்?"

"நீங்க பயப்படுறதை வெச்சு."

அவள் வைத்த ஏற்பாடு இதுதான். பலகையை இனி பார்க்கவே கூடாது. அவள் கேட்கும்போது மட்டும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்விக்கு இன்னும் நாளாகும். தவறினால் மறுநாளே கேட்பாள். இடையில் அவராகச் சொல்லிப் பார்ப்பதும் கூடாது.

கேட்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் அவரைப் போன்ற ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பதே அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து. அதை அவள் பிடுங்கிவிட்டாள். மறதி என்ற கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் சுற்றி வந்த மனிதரை அதன் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, விழுவதற்கு முந்தின கணம் வரை அங்கேயே நில்லுங்கள் என்றாள்.

தொழிற்சாலையில் பலகைக்கு முதுகைக் காட்டியபடியே நடமாடினார். "என்னய்யா, பலகையோட சண்டையா?" என்று மேலாளர் கேட்டார். வீட்டில் அவள் நினைத்த இடத்தில் கேட்டாள். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போது கேட்டாள். தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கையில் குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டாள். முதலில் அடிக்கடி தவறினார். பிறகு நாளொன்று தாண்டியது, சில நாள் தாண்டியது, வாரம் தாண்டியது. ஒவ்வொரு முறையும் சுவர் வந்தது. ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். சுவரைக் கண்டதும் பதறி ஓடினால் எதுவும் வருவதில்லை. பயந்தபடியே ஒரு மூச்சு நேரம் அதன் எதிரில் நின்றால் ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல் அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

மனப்பாடத்தைப் பழிப்பது எளிது, புரிந்துகொண்டால் போதாதா என்று கேட்பதும் நியாயம்தான். மனப்பாடம் செய்தவன் அறிவாளி ஆகிவிடுவதில்லை, கிளிக்கும் பேச வரும். ஆனால் புரிதலுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும், கொஞ்சம் அவகாசம் வேண்டும். இரண்டும் இல்லாத இடங்கள் மனிதர்களின் வாழ்வில் உண்டு. அங்கே, முன்பே உடம்போடு சேர்ந்துவிட்டது மட்டுமே உடன் வருகிறது.

பிறகு அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு மாதமும் கடந்துபோயிற்று. கேள்வியைவிட இந்த மௌனம் அவரை வாட்டியது.

"ஒரு தடவை கேளேன்."

"இப்ப மாட்டேன்."

"மறந்துட்டா?"

"மறக்கலைன்னு உங்க முகமே சொல்லுது. இன்னும் கொஞ்சம் பயப்படுங்க."

அவள் கேட்பதற்குள், ஒரு மதியம், வாயு வந்துவிட்டது.

மேலே ஓடும் குழாய் ஒன்றின் இணைப்பில் லேசாக வாடை அடிப்பதாக இவர்தான் சொல்லியனுப்பினார். மைத்துனன் ஏணியைச் சாய்த்து ஏறினான்.

"மோட்டாரை நிறுத்தட்டுமா மாப்ளே?"

"எதுக்கு மாமா? நிறுத்தினா மேலாளர் கத்துவாரு. ஒரே ஒரு திருகு, நின்னுடும்."

அந்த ஒரு திருகில் போல்ட் முறிந்தது. ஆயிரம் பாம்புகள் ஒன்றாகச் சீறியது போல ஓர் ஓசை. வெள்ளைப் புகை கீழே கொட்டியது. மைத்துனன் ஏணியோடு சரிந்து கதவுப் பக்கம் விழுந்தான். அவருடைய கண்களும் மூக்கும் தொண்டையும் ஒரே சமயத்தில் எரிந்தன. இமைகள் இறுக மூடிக்கொண்டன.

சுவர் வந்தது.

ஓடு என்று கால்கள் சொல்லின. கதவு நாலடி தூரம். ஆனால் அறையில் ஒரு டேங்க் நிறைய விஷம் இருக்கிறது, அறைக்கு அந்தப் பக்கம் பனிக்கட்டி தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக்கு எதிரே நின்றார். அவர் வாழ்நாளில் அதைவிட நீளமான மூச்சு இல்லை.

மாஸ்க்.

அது தொங்கும் ஆணியைக் கை தேடிப் பிடித்தது. மாட்டிக்கொண்டார். "மாமா, ஓடிடலாம் மாமா!" என்று காலடியில் கதறியவனைத் தோளில் பற்றி வாசலுக்கு வெளியே தள்ளினார். மோட்டார். பொத்தானைத் தட்டினார். டேங்க். அதன் வால்வுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றி மூடினார். சக்ஷன். குழாயைத் தடவிக்கொண்டே போய் மூடினார். டெலிவரி வால்வில் கை வைத்தபோது உடம்பு அப்படியே உறைந்தது.

மோட்டாரை நிறுத்தினேனா?

சீறலில் வேறெந்த ஓசையும் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சக்கரத்தைத் திருப்பியதும் எல்லாம் முடிந்துவிடும். திரும்பிப் போய்ப் பொத்தானைத் தொட்டுப் பார்க்க ஒவ்வொரு நரம்பும் இழுத்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லித்தானே அடுத்ததற்கு வந்தேன்? அதைத் தாண்டாமல் டேங்குக்கு ஒருநாளும் வந்ததில்லையே? இதைத் தவிர அவரிடம் வேறு சாட்சி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

வெடிக்கவில்லை. சீறல் மெல்ல இறங்கியது.

வெளியே வந்து, அறையிலிருந்து வாயுவை வெளியேற்றும் ஃபேனின் சுவிட்சைப் போட்டார். மாஸ்க்கைக் கழற்றி, எரியும் கண்களைச் சிரமப்பட்டுத் திறந்தார். முற்றத்தில் மைத்துனன் புரண்டுகொண்டிருந்தான். "கண்ணு! என் கண்ணு போச்சே!" ஓடி வந்த இருவரில் ஒருவன் துண்டை எடுத்து அவன் கண்களை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான். ஏதோ தவறு என்று அவருக்குப் பட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. என்ன அது? ஏழாவதை நேராகப் போய்த் தொட முடியவில்லை. அவர் ஏழாவதுக்கு ஒருநாளும் நேராகப் போனதில்லை, எப்போதும் முதலாவதிலிருந்து நடந்துதான் போயிருக்கிறார்.

"மாஸ்க், மோட்டார், டேங்க்..." முற்றத்தின் நடுவில் நின்று உரக்க ஒப்பித்தார். துண்டோடு இருந்தவன், பூட்டுக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று வாய் பிளந்து பார்த்தான். மைத்துனன் அலறிக்கொண்டிருந்தான். "சக்ஷன், டெலிவரி, ஃபேன்... தண்ணி! துடைக்காதே, தண்ணியில காட்டணும்! விடு அவனை!"

இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கிடத்தி, இமைகளை விரலால் பிரித்து, தண்ணீரை ஓடவிட்டார். வண்டி வரும்வரை விடவில்லை.

கண் மருத்துவமனையில் மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். இடது கண்ணுக்குப் பயமில்லை. வலது கண்ணை இப்போது எதுவும் சொல்ல முடியாது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தம்பி இருந்த அறைக் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்:

"எல்லாரும் நான் காப்பாத்திட்டேன்னு சொல்றாங்க. ஆனா கடைசி ஒண்ணு வர நேரமாயிடுச்சு. முதல்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் வருது. அதுக்குள்ள அவன் கண்ணை..."

அவள் கதவைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நானும் எப்பவும் முதல்ல இருந்துதான் கேட்டேன். நடுவுல இருந்து ஒரு தடவைகூடக் கேக்கலை."

"இப்ப கேளேன். தண்ணிக்கு முன்னாடி என்ன, டேங்குக்கு முன்னாடி என்ன, எப்படி வேணும்னாலும் கேளு."

அவள் தலையை அசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாங்க. இப்ப உங்களுக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."

அவரும் அந்த அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.