ஜப்பான்காரர் வரைந்த மலை

பத்து வயதில் எனக்கு ஜப்பானில் ஒரு ரசிகர் இருந்தார். எங்கள் ஊர் கம்பளையில் யாரும் இதை நம்பவில்லை, அம்மாவும்தான்.

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, வேலைக்காக ஜப்பான் போயிருந்தார். ஊர் திரும்பிய ஒருவரிடம் எனக்கு ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார். இரண்டு திரை, ஒரு குச்சிப் பேனா. நான் விளையாடியதைவிட வரைந்ததுதான் அதிகம். வரைந்ததை இணையத்தில் ஏற்றினால், அதே பெட்டி வைத்திருப்பவர்கள் எங்கிருந்தாலும் பார்த்து நட்சத்திரம் போடலாம், பதிலுக்குப் படமும் அனுப்பலாம். வீட்டில் இணையம் இல்லை. ஞாயிறுகளில் அம்மா மரக்கறி வாங்கி முடிப்பதற்குள், பஸ் நிலையத்துப் பக்கத்து போன் கடைக்கார நானாவிடம் கெஞ்சி, அவர் கடைக் கதிரையில் உட்கார்ந்து ஏற்றிவிடுவேன்.

முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். எங்கள் பூனை, தேங்காய் துருவும் அம்மா, வாசலில் கிடக்கும் செருப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நட்சத்திரம், எப்போதும் ஒரே ஆளிடமிருந்து. பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொலைபேசியில் மாமாவிடமும் பெருமையடித்தேன்.

"ஒங்க ஊர்க்காரரு ஒருத்தரு என் படத்த விடாம பாக்குறாரு மாமா."

"அப்படியா? வெவரமான ஆளாத்தான் இருப்பான்" என்றார்.

இருக்கும் ஒரே ரசிகரைத் தக்கவைக்க வேண்டுமே. பூனையைக் கைவிட்டு, செர்ரிப் பூவும் பனிமழையும் வரையத் தொடங்கினேன். "பனியக் கண்டியா நீ? நம்ம வாசப்படிய வரையேன்டி" என்றார் அம்மா. வாசற்படிக்கு யார் நட்சத்திரம் போடுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன்பின் நட்சத்திரம் நின்றுபோனது. மூன்று ஞாயிறுகள் வெறுங்கையோடு திரும்பினேன், சோறே இறங்கவில்லை. நான்காம் வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோணல்மாணலாக ஒரு மலை, உச்சியில் நட்டுக்குத்தாக ஒரு கோடு, அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. பாவம், ஜப்பான்காரருக்கு ஜப்பான் மலையையே வரைய வரவில்லை. நான் அதைத் திருத்தினேன். கோட்டை அழித்து, உச்சியில் வெள்ளையாகப் பனி போட்டு, வீட்டுக்கூரையிலும் கொஞ்சம் தூவி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அதற்கு நட்சத்திரம் வந்திருந்தது. வெற்றி எனக்குத்தான் என்று நினைத்தேன்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் மாமா ஒரேயடியாக ஊர் வந்துவிட்டார். அவர் பயணப் பெட்டியைப் பிரித்து அடுக்கியபோது, துணிகளுக்கு அடியில் என்னுடையதைப் போலவே ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. சமையலறையில் சார்ஜில் போட்டதும் உயிர் வந்தது. பூனை, அம்மா, செருப்புகள் என்று என் படங்கள் எல்லாமே அதில் பத்திரமாக இருந்தன. கடைசியில் அந்த மலை, நான் அழித்த கோட்டோடு.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சமையலறை ஜன்னலில் நான் பிறந்ததிலிருந்து தெரியும் அம்புலுவாவ மலை, உச்சியில் ஊசிபோல் அதன் கோபுரத்தோடு அப்படியே நின்றது.

"சொல்லியிருக்கலாமே மாமா?"

"ஒனக்கு ஒரே ஒரு ரசிகன் இருந்தான். அவனையும் எப்படி இல்லாமப் பண்றது?" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. வீட்டைப் பார்க்க ஏங்கி அவர் வரைந்து அனுப்பிய வீட்டின்மேல், அவர் அங்கே தினமும் மிதித்துக்கொண்டிருந்த பனியையே கொட்டி அனுப்பியிருக்கிறேன்.