எஸ்தர் அக்கா பிடுங்கிய பிளக்

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ஃபைல் சர்வர் வைக்கப் போனேன். இருபது வருஷ அனுபவம் என்ற மிதப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம். சின்ன வேலைதான். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர், ஃபேக்டரியில் ஒன்று, அவற்றை இணைக்க நடுவே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஷேர்டு ஃபோல்டர்.

பழைய தொழிலாளர் பதிவேடுகளை ஸ்கேன் செய்து அதில் ஏற்றினோம். ஈரத்தில் ஊறிய தாள்கள் ஸ்கேன் எடுக்கும்போதே உதிர்ந்துவிட்டன. பேக்கப் டிஸ்க் அடுத்த வாரம் வரட்டும் என்று நான் அலட்சியமாக விட்டுவிட்டேன்.

அதில் ஒரு பக்கத்துக்காக ஃபேக்டரி தொழிலாளி கணேசன் நடையாய் நடந்தார். மகளுக்கு நர்சிங் சீட். சாதிச் சான்றிதழ் வேண்டும். குடும்பம் தலைமுறையாக இந்த மாநிலத்திலேயே இருந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் அது கிடைக்கும்.

"எங்க தாத்தா இங்கதான் வேலை பாத்தாருங்கிறதுக்கு ரேகை, அதான் பழைய ஆவணம், கேக்காங்க சார், வில்லேஜ் ஆபீஸ்ல. நாளைக்குத்தான் கடைசி நாளு."

பக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் பிரிண்டரில் டோனர் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜரும் மறுநாள் காலையில்தான் வருவார்.

அன்று மதியம் இடி முழங்கியது. ஃபேக்டரியிலிருந்து நான் ஓடி வந்தபோது சர்வர் அணைந்து கிடந்தது. பவர் பிளக், நெட்வொர்க் கேபிள் இரண்டையும் கிளார்க் எஸ்தர் அக்கா பிடுங்கியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யு.பி.எஸ். இருக்குன்னு சொன்னேன்ல? இப்படிப் புடுங்கினா டிஸ்க் போயிரும்க்கா."

"இடி வெட்டுதப்ப மாட்டி வச்சா மொத்தமும் போயிரும் சார். இந்த மலையில எல்லா வீட்லயும் முதல் இடிக்கே புடுங்கிருவோம்."

மறுபடி மாட்டப் போனேன். அக்கா பிளக்கைத் தரவில்லை. அடுத்த நிமிடமே மின்னல் வெட்டியது. ஃபேக்டரியிலிருந்து நான் இழுத்த கேபிள் வழியாக வந்து ஸ்விட்சைக் கருக்கியது. பூட்டிய மேனேஜர் அறையில் மாட்டியபடி இருந்த கம்ப்யூட்டரும் போயிற்று.

மழை விட்டதும் சர்வரை மாட்டினேன். டிஸ்க் செக் ஓடி முடியும் வரை கணேசன் வாசலிலேயே நின்றார். பக்கம் திறந்தது. தாத்தாவின் பெயரும் கைநாட்டும் அப்படியே இருந்தன. கணேசன் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். மறுநாள் காலை டோனரும் மேனேஜர் கையெழுத்தும் கிடைத்தன. அவர் மகள் இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம்.

இப்போது அங்கே பேக்கப் இருக்கிறது, மின்னல் பாய்ச்சலைத் தடுக்க வெளிக் கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டரும் இருக்கிறது. தம்பிகளே, வயரை இழுக்கும் முன் அங்கேயே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. முறையாக ஷட்-டவுன் செய்ய அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அட்மின் பாஸ்வேர்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.