சென்சாருக்கு வைத்த சந்தனப் பொட்டு

பிரஷர் சென்சாரை, அதன் அளவை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் டேட்டா அக்விசிஷன் சிஸ்டத்தோடு இணைப்பது மொத்தத்தில் இரண்டு ஒயர் வேலை. அந்த இரண்டு ஒயருக்கும் நடுவில் ஒரு மனிதர் வந்து நிற்பார் என்று மட்டும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. சட்டைப் பையில் டெஸ்டரும் தோளில் லேப்டாப்புமாகத் திரியும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு வாய்த்த மனிதர் யாரோ தெரியாது. எனக்கு வாய்த்தவர் வைத்திலிங்கம் சார்.

தட்டினால் ஆட வேண்டும்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சென்சார் மாட்டி, தண்ணீரின் அழுத்தத்தை வைத்து எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிஸ்டமே பம்பைப் போட்டுக்கொள்ளும். சரியாக ஓடுகிறது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கே சூப்பர்வைசராக இருக்கும் வைத்திலிங்கம் சார், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். இதில் எனக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருந்தது. சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும், நான் காதலிக்கும் கவிதா அவருடைய மகள். பெண் கேட்டு என் வீட்டார் போனபோது, "பையன் எங்க கம்பெனியிலதான் வேலை செய்யறான். அத எப்படி முடிக்கிறான்னு பாத்துட்டு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். ஆக, என் கல்யாணம் அந்தத் தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

முதல் நாள் பெருமையாக மானிட்டரைக் காட்டினேன். அவர் தொட்டியருகே போய், தண்ணீர் அளவு காட்டும், முள் வைத்த பழைய மீட்டரை விரலால் இரண்டு தட்டு தட்டினார். முள் ஆடி நின்றது. திரும்பி வந்து என் மானிட்டரையும் அதே மாதிரி தட்டினார். எண் அசையவில்லை. "தட்டுனா ஆடணும் தம்பி, அப்பதான் உசுரு இருக்குன்னு நம்பலாம்" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு நாலு

தொட்டியைக் காலி செய்து சோதித்தோம். தண்ணீரே இல்லாதபோதும் ஒயரில் நாலு மில்லி ஆம்ப்ஸ் கரண்ட் ஓடும். நம் தொழிலில் அதுதான் பூஜ்யம். கரண்டே இல்லையென்றால் ஒயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்க, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட வைத்திலிங்கம் சார், "ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குக்கூட கரண்ட் செலவா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கவிதாவுக்குப் போன் போட்டு, கல்யாணத்தைப் பற்றி உங்கப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று புலம்பினேன். நான் நாள் முழுக்க அறுக்கும் தொழில் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவளும் பாதி இன்ஜினியர் ஆகியிருந்தாள். "அப்பா பேசலன்னா ஒயரு அறுந்துபோச்சுன்னு அர்த்தமா? நாலு மில்லி ஆம்ப்ஸ்ல இருக்காரு, பேசாம இரு" என்றாள்.

சாப்பாட்டு நேரத்து மழை

பிறகு ஆயுத பூஜை வந்தது. வைத்திலிங்கம் சார் குளித்து, நெற்றி நிறையப் பட்டை போட்டு, பம்பு, மோட்டார், ஸ்பேனர் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். என் சென்சாருக்கு மட்டும் தாராளமாகவே அப்பினார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். வெயில் ஏற ஏற, நிறைந்த தொட்டி குறைந்துவிட்டதாக மானிட்டர் சொல்லும். பம்பு தானாக ஓடும். தொட்டி வழியும். சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி ரீடிங் சரியாகிவிடும். ஒயரை மாற்றினேன், சிஸ்டத்துக்குள் இருக்கும் கார்டை மாற்றினேன், சாமிக்குக்கூட வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் வழிந்த தண்ணீர், தொட்டி நிழலில் டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் சார் மேலேயே கொட்டியது. தலையைத் துவட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சாம்பார் சாதம் கொண்டாந்தேன், ரசம் சாதமா ஆக்கிட்டியே தம்பி."

கண்டுபிடித்த குற்றவாளி

சென்சாரின் முதுகில் குண்டூசி முனையளவு ஒரு துளை உண்டு. வெளிக்காற்று அதன் வழியே போய் வந்தால்தான் அது ஒழுங்காக அளக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளே மாட்டிய காற்று வெயிலில் சூடாகி உப்பி, தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளி, தண்ணீர் குறைவு என்று பொய் சொல்ல வைக்கும். சென்சாரைத் திருப்பிப் பார்த்தேன். துளை இருந்த இடத்தில், காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமத்தோடு மங்களகரமாக இருந்தது மாமனாரின் சந்தனம்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூட வேலை பார்க்கும் ஜெயசீலன் எட்டிப் பார்த்தான். என்னோடு கேபிள் இழுப்பவன், என் காதல் கதை முழுவதும் தெரிந்தவன். "மச்சான், இத அவுருகிட்ட சொன்னா சென்சார் பொழச்சிக்கும், நீ பொழைக்க மாட்ட" என்றான்.

மறுபடியும் பொட்டு

மூடி மறைக்கலாம்தான். ஆனால் அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வருமே. அவரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே குண்டூசியால் துளையைச் சுத்தம் செய்தேன். உச்சி வெயிலில் ரீடிங் ஏறிச் சரியாக நின்றது. "என்னா அடைப்பு?" என்றார். குண்டூசி முனையில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். "சந்தனம் சார்" என்றேன்.

அவர் ஒன்றுமே பேசவில்லை. நாலு மில்லி ஆம்ப்ஸ், நாலு மில்லி ஆம்ப்ஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பழைய மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். இரண்டும் ஒரே பேச்சாக இருந்தன. பேனல் ரூமில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்து வந்து, என் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "இங்க காத்து போற ஓட்ட எதுவும் இல்லியே, மாப்ள?"

ஆக, நான் இத்தனை வருஷம் படித்த படிப்புக்கு உருப்படியான ஒரே உபயோகம், ஆயுத பூஜைதோறும் மாமா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பும்போது பின்னாலேயே போய், "அங்க வேணாம் மாமா, கொஞ்சம் தள்ளி" என்று சொல்வதுதான்.