ஒரு நம்பருக்கு ஒரு மெசேஜ்

கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்கும் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு நான்தான் வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன். அது ஒழுங்காக ஓடும் நாட்களில் அங்கே யாருக்கும் என் ஞாபகம் வராது. நின்றுபோனால் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் வரும். இந்த ஏற்பாட்டில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. எனக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது. போன் அடித்தாலே இடது கண் துடிக்கிறது என்று அதே டாக்டரம்மாவிடம் சொன்னேன். போனை மாற்றச் சொன்னார்.

அந்த வெப்சைட்டுக்கு இருப்பது சின்ன வேலைதான். வருகிறவர் நாளும் நேரமும் பார்த்து இடம் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் 'நாளை உங்களுக்கு மெடிக்கல், வெறும் வயிற்றில் வரவும்' என்று தானாக ஒரு மெசேஜ் போகும். நேரம் மாறினால் அதைச் சொல்லவும் ஒன்று போகும். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த வம்புக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பழைய கப்பல் இன்ஜினியர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். ஒரே மெசேஜ் ஐந்து தடவை போயிருந்தது.

"ஏன் தம்பி, நான் ஒருத்தன்தானே வாரேன்? அஞ்சு நாள் பட்டினி கிடந்துட்டு வரணுமாக்கும்?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரில் மற்றவர்களைக் கேலி பண்ணிக்கொண்டு திரிகிறவனுக்கு இப்படி ஒன்று விழுந்தால் தூக்கம் வராது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒரு போன் நம்பருக்கு ஒரு நாளில் ஒரே ஒரு மெசேஜ், அதற்கு மேல் போகாது. மொத்தம் நான்கு வரி. எழுதி முடித்து, கீழே போய் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு அந்த விதியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். வியாழக்கிழமை நாகர்கோவிலில் சொந்தத்தில் கல்யாணம், புதன் சாயங்காலம் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். வியாழன் காலைக்குப் பதிந்தவர்களை எல்லாம் புதன் மதியத்துக்கு மாற்றச் சொன்னார். உடம்பை அவர் புதன்கிழமையே பார்த்துவிடுவார். ரத்தம் மட்டும் வியாழன் காலை லேபில் எடுத்து, ரிசல்ட்டைப் பார்த்து அவர் கல்யாண மண்டபத்திலிருந்தே போனில் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் தேதியை மாற்றி, பட்டனை அழுத்தி, மெசேஜ் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு ரிசப்ஷனில் இருக்கும் அம்மாள் போன் பண்ணினாள்.

"சார், ஆறு பேரைக் காணோம். ஒருத்தருக்கு போன் போட்டேன். 'நாளைக்குத்தானே, மெசேஜ் ஒண்ணும் வரலையே'ன்னு சொல்லுதாரு."

முத்தையாபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்பதை என் மனைவி படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. போய்ச் சேர்ந்ததும் என் போனுக்கே ஒரு சோதனை மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். டிங் என்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு செட்டிங்கை மாற்றி இன்னொன்று அனுப்பினேன். வரவில்லை. மாற்றியதால்தான் கெட்டுப்போனது என்று பழையபடி வைத்து அனுப்பினேன். வரவில்லை. சர்வரை நிறுத்தி ஓடவிட்டேன். வரவில்லை. போனை அணைத்து, சிம்மைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் போட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், என் போனுக்கு அனுப்பிப் பாருங்க."

அனுப்பினேன். டிங் என்று வந்தது.

"அப்போ உங்க போன்தான் சார் ரிப்பேரு."

மெசேஜ் அனுப்பித் தரும் கம்பெனிக்கு போன் போட்டேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பையன் பேசினான். "சார், உங்க பக்கத்துல இருந்து எங்களுக்கு ஒண்ணுமே வரல சார்." அவன் சொன்னது சத்தியம். நான் அவனிடம் கால் மணி நேரம் சண்டை போட்டேன். வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று ஒரு வாக்கியம்கூடச் சொன்ன ஞாபகம்.

மணி மூன்றைத் தாண்டியதும் எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயமான தொழில்நுட்பத்துக்கு இறங்கி வந்தேன். ஆறு பேருக்கும் வரிசையாக போன். மூன்று பேர் இதோ வருகிறோம் என்றார்கள். இரண்டு பேருக்கு அவசரமில்லை, அடுத்த வாரம் போதும். ஆறாவது நம்பரை ஒரு வயதான பெண் எடுத்தார். கிளினிக்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகனுக்கு மெடிக்கல் என்று சொன்னேன்.

"எந்த மவனுக்குய்யா? மூத்தவனுக்கா, நடுவுளவனுக்கா, கடைசிப் பயலுக்கா?"

"மூணு பேருக்கும் இதே நம்பர்தானாம்மா?"

"பின்ன? கப்பலுக்குப் போறவன் நம்பரு ஒம்பது மாசம் சும்மா கெடக்கும். திரும்பி வாரதுக்குள்ள அதை வேற எவனுக்காவது குடுத்துருவானுவ. எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அம்மா நம்பருதான். நடுவுளவனுக்கு நேத்து காலைல வந்துச்சு, இன்னைக்கு காலைல அவன் அங்கன வந்து பாத்துட்டுப் போயிட்டானே."

நேற்றுக் காலை நடு மகனுக்கு ஒன்று போய்விட்டது. பதினொரு மணிக்கு அதே நம்பருக்குக் கடைசி மகனின் மெசேஜ் கிளம்பியது. அதை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியது என்னுடைய நான்கு வரி. மற்ற ஐந்து பேர் வீட்டிலும் இதே கதைதான். இங்கே உட்கார்ந்து என் போனுக்கு இரண்டாவது வராததற்கும் அதுதான் காரணம். சிம் சுத்தமாகத்தான் இருந்தது. கடற்கரைத் தெருக்களில் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாத விஷயமா? எழுதும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கடைசி மகன் எங்கம்மா?"

"நாளைக்குத்தான மெடிக்கலுன்னு அண்ணங்கூட வள்ளத்துல போயிருக்கான். நாலரைக்கு கரைக்கு வருவான். எதிர்காத்துன்னா அஞ்சாவும்." அப்புறம் குரல் மாறியது. "ஏன்யா, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சர்டிபிகேட்டு வேணும்னு பம்பாய் ஏஜெண்டு சொல்லியிருக்கான். இல்லேன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு. எட்டு மாசமா கெடச்ச கப்பலு இது ஒண்ணுதான்யா."

வள்ளம் போயிருக்கும் இடத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். மெசேஜ் கம்பெனியில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். ஆறு மணிக்கு கார் வந்துவிடும், அதற்குள் ஆளைக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார்.

திரேஸ்புரம் கரையில் நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் எழுந்து கையை ஆட்டினேன். மூன்றாவது வள்ளத்துக்குப் பிறகு முழங்கால் எழ மறுத்தது, உட்கார்ந்தபடியே ஆட்டினேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"யாரைத் தேடுதிய அண்ணாச்சி? கடன்காரனா?"

"மெசேஜ் சொல்லணும்."

"போன்ல சொல்ல வேண்டியதுதானே?"

"அதுக்குத்தான் சம்பளம் வாங்குதேன்."

அவர் வலைக்குத் திரும்பினார். வெயில் தாழ்ந்து கண்ணில் குத்தியது. எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்த ஒருவனையும், ஐந்து மெசேஜைப் பார்த்துச் சிரித்த ஒரு வரிசையையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். என் கௌரவத்துக்காக எழுதிய நான்கு வரி. அலுப்பாக இருந்தது. பயம் தீர்ந்த பிறகு வரும் அலுப்பு சுகமாக இருக்கும். இது பயம் தீராமலே வந்த அலுப்பு.

ஐந்தேகாலுக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். அவனிடமும் கம்பெனிக் கோளாறு என்றே சொன்னேன். அண்ணனிடம் வள்ளத்தை விட்டுவிட்டு, சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில், உலகத்துக் கரியை எல்லாம் ஏற்றிக்கொண்டு, நடந்து போவது போலப் போனது. நான் பெட்டிகளை எண்ணினேன். அவன் பின்னாலிருந்து, "மெதுவா மூச்சு விடுங்க அண்ணாச்சி" என்றான்.

ஐந்து ஐம்பதுக்கு உள்ளே போனோம். பட்டுப்புடவையில் இருந்த டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். எகிறிக் கிடந்தது.

"இவர் வண்டியிலயா வந்தே?"

"ஆமா டாக்டர்."

"அப்போ சரியாத்தான் இருக்கு. கண்ணை மூடிப் பத்து நிமிஷம் படு."

வாசலில் கார்க்காரர் ஹாரன் அடித்தார். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டார். அவனுடைய கண்ணைப் பார்த்து, காதைப் பார்த்து, மறுபடி பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. அறை முழுக்க மீன் வாசம். பட்டுப்புடவையோடு அவர் காரில் ஏறும்போது ஆறு இருபது.

மறுநாள் காலையில் அவன் ரத்தம் கொடுத்தான். பதினொன்றரைக்கு ரிசல்ட் ஏறியது. மண்டபத்திலிருந்து டாக்டரம்மா போனில் கையெழுத்துப் போட, சர்டிபிகேட் ஏஜெண்டுக்குப் போனது. முதல் தடவையிலேயே எல்லாம் வேலை செய்தது. என்னால் அதை நம்ப முடியாமல் அவனிடமே இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேன். பிறகு உட்கார்ந்து அந்த விதியைப் பிரித்தேன். நம்பரோடு ஆளின் பெயரும், எந்த நாள் எந்த நேரம் என்பதும் சேர்ந்து பார்க்கும்படி மாற்றினேன். மூன்று பிள்ளைகளின் பெயரைப் போட்டு என் நம்பருக்கே அனுப்பிப் பார்த்தேன். மூன்றும் வந்தன. டீ குடிக்கப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் கேட்டுக்கேட்டு என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தான். மறுநாள் கிளம்புகிறானாம். கையில் ஒரு பெரிய பாறை மீன். அம்மா கொடுத்துவிட்டாராம். "இவ்வளவு தூரம் கரைக்கே வந்து நின்னீங்களே அண்ணாச்சி, எவன் செய்வான்" என்றான். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் பார்வை அது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். வாசல் வரை கொண்டுபோய் விடும்போது சொல்லிவிட்டேன். கம்பெனிக் கோளாறு இல்லை தம்பி, மெசேஜை நிறுத்தினது நான்தான், டாக்டரிடமும் இன்னும் சொல்லவில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அது எனக்கு கரையிலயே தெரியும் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் தப்புன்னா நீங்க ஏன் அங்கன வந்து உக்காந்திருக்கப் போறீங்க?" வண்டியை உதைத்துக் கிளப்பினான். "மீனை இன்னைக்கே வெட்டிருங்க. டாக்டர்கிட்ட நாளைக்குச் சொல்லிக்கிடலாம்."